ஒரு கொப்பி கூட

பரமேஸ்வராச் சந்தியால திரும்பினால்
மூண்டாவது கடை என்ர.
ஒரு பக்கம் பத்து ரூபா,
ரெண்டு பக்கமும் எண்டால் பதினைஞ்சு.

பங்குனியில ரெண்டு பேர் வந்தவை.
சிவில் உடுப்பு, ஒரே மாதிரிச் சப்பாத்து.
ஒருத்தர் வாயே திறக்கேல்லை.
மற்றவர் வவுனியாத் தமிழ், நல்ல மரியாதை.
"கம்பஸ் பெடியள் என்ன அடிக்க வந்தாலும்
எங்களுக்கும் ஒரு கொப்பி கூட எடுத்து வையுங்கோ அக்கா.
சும்மாதான்."

சும்மா எண்ட சொல்லு
இவ்வளவு பாரமெண்டு
அண்டைக்குத்தான் தெரிஞ்சது.

மேசைக்குக் கீழ ரோனர் வந்த பெட்டி.
முதல் நாள் அதுக்குள்ள ஒண்டும் போடேல்லை.
ரெண்டாம் நாளும் போடேல்லை.
மூண்டாம் நாள் வாய் திறக்காதவர் வந்து
பெட்டியைப் பாத்தார்,
பிறகு என்னைப் பாத்தார்.
பேந்து போட்டன்.

புவியியல் நோட்ஸ் நாப்பது பக்கம்
(ஆர் வாசிக்கிறானோ, சோதினை பாஸ் பண்ணட்டும்).
எழுபத்திநாலாம் ஆண்டுக் காணி உறுதி,
ஆமி இன்னும் விடாத காணி,
வடக்கெல்லை வேலாயுதரின்ர பனை.
வைகாசியில விளக்கேத்த
எத்தினை மணிக்கு, எந்தக் கரையில
எண்டு பென்சிலால எழுதின துண்டு.
நிலோஜினியின்ர கிளினிக் அட்டை:
அவளுக்கும் டொக்டருக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு சொல்லு,
மூண்டாவதாய் எனக்கு,
நாலாவதாய்ப் பெட்டிக்கு.

முந்தி நான் எழுத்தைப் பாக்கிறேல்லை.
மை கூடவோ குறையவோ, அவ்வளவுதான்.
இப்ப வாசிக்கிறன்.
ஆர் ஆரோட வருகினம்,
ஆர் கடதாசியை மறைச்சுப் பிடிக்கினம்,
ஏன்.
கேக்காமலே வந்து
என்ர கண்ணுக்குள்ள
ஒரு சோடிச் சப்பாத்து குந்தீட்டுது.

மெஷினுக்குள்ள ஒரு எண்ணி இருக்கு, பொய் சொல்லாது.
கணக்குக் கொப்பி சொல்லுற தொகை வேற.
இடையில ஆயிரத்து முன்னூற்றுப் பன்ரெண்டு பக்கம்.
கடதாசி என்ர. கறண்ட் என்ர.
சம்பளம் இல்லாத அரசாங்க உத்தியோகம்.

தனுஷ்கன் எண்ட பெடியன்தான் கண்டவன்.
"அக்கா, லைட் ரெண்டு தரம் மின்னினது.
நான் ஒண்டுதானே கேட்டனான்?"
மற்றது பழுது எண்டன்.
அவன் சிரிக்கேல்லை.
இன்னொரு பத்து ரூபாக் குத்தியை
மேசையில வைச்சான்.
"அப்ப பழுதுக்கும் எடுங்கோ."
அந்தக் குத்தி இன்னும் லாச்சிக்குள்ள கிடக்கு,
மற்றக் காசோட சேர்க்க மனமில்லை.

அடுத்த முறை பெட்டி எடுக்க வரேக்க கேட்டன்.
குரல் நடுங்கினதுதான், பொய் சொல்லேல்லை.
"தம்பி, நீதவான் தந்த கட்டளை ஏதும் இருந்தால் தாங்கோ.
அதையும் ஒரு கொப்பி அடிச்சு வைப்பம்.
உங்களுக்குக் காசு வேண்டாம்."

"அக்காவுக்குப் பகிடியும் வரும்" எண்டார்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசல்ல நிண்டு,
"அபிசனா ரியூஷன் முடிஞ்சு வர ஆறரை ஆகும் என்ன?
சைக்கிள்ல லைட் இல்லை.
பாத்து வரச் சொல்லுங்கோ."

லைட் பழுதானது முந்தநாள்.
பெத்த எனக்கே
நேற்று ராத்திரிதான் சொன்னவள்.

அண்டைக்குக் கடையை நேரத்தோட பூட்டினன்.
மகளின்ர சைக்கிளுக்கு லைட் வாங்கிப் பூட்டினன்.
கையில கிறீஸ் காய முதல்
பச்சை மட்டையில மார்க்கரால எழுதினன்:
கவனம்.
இந்த மெஷின்
ஒண்டு கேட்டால் ரெண்டு அடிக்கும்.

விடிய மெஷினுக்கு மேல ஒட்டினன்.
வாசிச்ச சிலபேர் சிரிச்சினம்.
நிலோஜினி வாசிச்சாள்,
பையுக்குள்ள விட்ட கையை
வெறுங்கையாய் எடுத்தாள்,
ஒரு பேனை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.
அண்டைக்கு உழைப்பு நூற்றி நாப்பது ரூபா.

பின்னேரம் தனுஷ்கன் வந்தான்.
கனநேரம் மட்டையையே பாத்தான்.
"அக்கா, இதில ஒரு கொப்பி வேணும்."

பிரிச்செடுத்து, கண்ணாடியில குப்புற வைச்சு
ரெண்டு அடிச்சன்.
ஒண்டு அவனுக்கு.
மற்றது பெட்டிக்குள்ள.